ராலி விளையாட்டு உருவாக்குவோருக்கு ராமேஸ்வரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

கார்ப் பந்தய வீடியோ கேம்களை உருவாக்கும் பொறியாளர்களுக்கும், ஓவியர்களுக்கும், ஒலி அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் ராமேஸ்வரத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். பகல் முழுவதும் பாம்பன் பாலத்துக்கும் அரிச்சல்முனைக்கும் இடையே தார்ச்சாலையில் போய் வருவது என் தொழில். இரவு பத்து மணிக்கு மேல் அக்கா மகனின் கணினியில் ராலி, அதாவது மண்ணிலும் சரளையிலும் கடிகாரத்தோடு ஓட்டும் கார்ப் பந்தயம், ஓட்டுவது என் ஆசை. ஒரு விளையாட்டின் பின்னால் நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பு இருக்கிறது என்பதை அறிவேன். அந்த உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. உங்கள் அடுத்த விளையாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று பல மாதங்களாக மனத்துக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்ததை இப்போது எழுத்தில் வைக்கிறேன்.

முதலில் மணலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும். அதற்கு அப்பால் 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டு மிச்சம் வைத்த மணல்வெளிதான். பயணிகளை ஏற்றிக்கொண்டு வேன்கள் அந்த மணலிலேயே ஓடும். ஒரு பக்கம் நாங்கள் பெண் கடல் என்று சொல்லும் அமைதியான கடல். மறுபக்கம் ஆண் கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடா. சாலை வருவதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் மாமாவின் வேனில் நான் கிளீனர்.

கிளீனர் என்றால் வண்டி துடைக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கிளீனரின் முதல் வேலை மணலைப் பார்த்துச் சொல்வது. படியில் தொங்கிக்கொண்டு வருவேன். நிறம் மாறுகிற இடத்தில் மாமா வேகத்தைக் குறைப்பார், நான் குதித்து முன்னால் ஓடுவேன். குதிகாலால் மணலை ஓங்கி அழுத்த வேண்டும். காலைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆனால் அடியில் மணல் இறுகியிருக்கிறது என்று பொருள். காலடியில் நீர் கசிந்து குழி தளதளத்தால் அங்கே வண்டியை விடக் கூடாது. "வெளுத்தால் போ, கசிந்தால் நில்" என்பது மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் 1885-இல் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார் என்பதை வெகுகாலம் கழித்துப் படித்தேன். நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும் மணல்மணிகளை அழுத்தும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, நடுவில் இடைவெளி பெருகுகிறது, மேலே நின்ற நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. வெளுப்பு அதனால்தான்.

பார்த்த பிறகு வண்டியின் பக்கத் தகட்டில் தட்டிச் சொல்வேன். இரண்டு தட்டு தட்டினால் போகலாம், ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும். எஞ்சின் இரைச்சலிலும் காற்றிலும் குரல் கேட்காது, தகட்டின் அதிர்வு மட்டும் கேட்கும்.

இன்னொன்றையும் அங்கேதான் கற்றேன். ஈரப் படுகையில் முதலில் போகும் வேன் மேலோட்டை உடைத்துவிடும். இரண்டாவது வேன் அதே தடத்தில் தடுமாறிக் கடந்துவிடும். மூன்றாவது வேன் அச்சு வரை இறங்கிவிடும். ஆகவே பின்னால் வருகிறவர் ஒரு கஜமாவது விலகித் தனக்கென்று புதுத் தடம் போட வேண்டும். காய்ந்த மணலில் கதை தலைகீழ். அங்கே முன்னால் போன வண்டி அழுத்திவிட்டுப் போன தடம்தான் வழி, அதைவிட்டு விலகினால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஒரே மணல், ஒரே காலை, நூறு அடி தூரத்துக்குள் இரண்டு விதமான நியாயம்.

இந்த அனுபவத்தோடு முதன்முதலாக ஒரு கார்ப் பந்தய விளையாட்டில் 'ராலி' என்ற பகுதியைத் திறந்தபோது ஏமாந்துபோனேன். பெயர் வேண்டாம். படம் கண்ணைப் பறித்தது. புழுதி எழுந்தது, கண்ணாடியில் சேறு தெறித்தது. ஆனால் சக்கரத்துக்கு அடியில் இருந்தது செம்மண் நிறம் பூசிய தார்ச்சாலை. வளைவில் சறுக்கும் அளவை மட்டும் கூட்டிவைத்திருந்தார்கள். பத்து முறை ஓட்டினாலும் பத்தாவது முறையும் தரை முதல் முறை இருந்தபடியே இருந்தது. எந்த மண்ணும் அப்படி இருக்காது.

ராலி என்பது சுற்றுப் பாதைப் பந்தயத்தின் தம்பி இல்லை. இங்கே கார்கள் ஒன்றோடொன்று முட்டி முந்துவதில்லை. மக்கள் நடமாடும் சாலையையும் காட்டுப் பாதையையும் சில மணி நேரம் மூடிவைத்து, ஒவ்வொரு காராக விட்டுக் கடிகாரத்தோடு போட்டி நடத்துகிறார்கள். இப்படி மூடிவைத்த ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஸ்டேஜ் என்று பெயர். உலகச் சாம்பியன்ஷிப் ராலி ஒன்றில் ஸ்டேஜ்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 300 கிலோமீட்டர் வரும். ஓட்டுநர் அந்தச் சாலையை முன்கூட்டியே மெதுவான வேகத்தில் இரண்டு முறை பார்த்துக் குறிப்பு எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மனப்பாடம் செய்ய முடியாது. எதிரில் என்ன வரும் என்பதைப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் படித்துச் சொல்லக் கேட்டு, கண்ணுக்குத் தெரியாத வளைவுக்குள் காரை எறிய வேண்டும்.

இதில் வரிசை எண் பெரிய விஷயம். சரளைச் சாலையில் முதலில் போகும் கார் மேலே கிடக்கும் உதிரிக் கற்களைத் துடைப்பம்போல் ஒதுக்கிக்கொண்டே போகிறது. அதற்குப் பிடிப்பு கிடைக்காது, நேரம் போகும். பின்னால் வருகிறவர்களுக்குச் சுத்தமான தடம் கிடைக்கிறது. இன்னும் பின்னால் வருகிறவர்களுக்கு அதே தடம் பள்ளமாக வெட்டுண்டு, உள்ளே கிடந்த பாறைகள் தலை நீட்டுகின்றன. தார் ஸ்டேஜில் முன்னால் போனவர்கள் வளைவின் உட்புறத்தை வெட்டி மண்ணைச் சாலைமேல் இழுத்துப் போட்டிருப்பார்கள். எங்கள் வேன்களின் கதைதான் இது. அதனால்தான் இந்தப் பந்தயத்தை எங்கள் வீட்டுப் பந்தயமாக உணர்கிறேன்.

இதைச் செய்யவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் செய்து காட்டியிருக்கிறார்கள். 2019-இல் வந்த 'டர்ட் ராலி 2.0'-இல் கார்கள் போகப் போகச் சாலை தேய்ந்தது. எத்தனையாவதாகப் புறப்படுகிறோம் என்பது பொருட்டாயிற்று. அதற்கு வெகு முன்பே, 2004-இல், 'ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி' வந்தது. இரண்டு பத்தாண்டுகள் தாண்டியும் அதை ரசிகர்கள் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் படத்தின் அழகுக்காகவா? இல்லை. காரின் எடை முன்னும் பின்னும் சாய்வதை அது உண்மையாகக் கணக்கிடுகிறது, அதற்காக. பிரேக்கைத் தொட்டால் எடை முன் சக்கரங்களுக்கு வருகிறது, அந்த நொடியில் திருப்பினால் வால் சுழல்கிறது. அந்த நொடியைத் தவறவிட்டால் கார் நேராகப் போய் மரத்தில் நிற்கிறது. இந்த ஒரு பாடத்தை அது விட்டுக்கொடுக்கவே இல்லை.

2023-இல் வந்த உலக ராலி சாம்பியன்ஷிப்பின் அதிகாரபூர்வ விளையாட்டில் முப்பது கிலோமீட்டரைத் தாண்டும் ஸ்டேஜ்கள் இருந்தன. அதை உருவாக்கிய கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2025-இல் ராலி விளையாட்டுகளை இப்போதைக்கு நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 1998-இல் 'காலின் மெக்ரே ராலி'யில் தொடங்கிய வழி அது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் 'அசெட்டோ கோர்சா ராலி' முழுமை பெறாத முன்பதிப்பாக வெளிவந்தது, உண்மைச் சாலைகளை லேசர் கருவியால் அளந்து செய்த ஸ்டேஜ்களோடு. கதவு மூடவில்லை என்ற தைரியத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் முதல் வேண்டுகோள் தரையைப் பற்றியதுதான். தரைக்கு ஆழம் வேண்டும். மேல்தோலில் மட்டும் பிடிப்பு எவ்வளவு என்று ஓர் எண் எழுதிவைத்தால் போதாது. உதிரி மண் எத்தனை விரற்கடை கிடக்கிறது, அதற்கு அடியில் இறுகிய தரை எங்கே இருக்கிறது, நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதெல்லாம் சக்கரத்துக்குத் தெரிய வேண்டும். தார்ச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டால் கார் வழுக்கிக்கொண்டு போகும். ஆழமான சரளையிலும் மணலிலும் பூட்டிய சக்கரம் தன் முன்னால் மண்ணை ஆப்புபோல் குவித்துக்கொள்ளும், அந்தக் குவியலே காரை நிறுத்தும். வளைவிலும் அப்படித்தான். ராலிக்காரர்கள் காரைக் குறுக்காகத் திருப்பிச் சறுக்குவதைப் பலர் வித்தை என்று நினைக்கிறார்கள். பக்கவாட்டில் போகும் டயர் மண்ணை உழுது ஓர் அணை கட்டிக்கொள்கிறது, அதன்மேல் சாய்ந்து கார் திரும்புகிறது. இதை நீங்கள் கணக்கில் கொண்டுவந்தால் சறுக்கலுக்கென்று தனியாக எதையும் எழுத வேண்டியதில்லை, அதுவே வந்துவிடும்.

அடுத்தது பக்கத்து இருக்கை. இதில்தான் என் மனம் அதிகம் தங்குகிறது.

பெரும்பாலான விளையாட்டுகளில் துணை ஓட்டுநர் வெறும் ஒலிப்பதிவு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இருந்துவிடுகிறார். கார் உருண்டாலும் அதே குரல், வழி தப்பினாலும் அதே குரல். 1998-இன் மெக்ரே விளையாட்டில் ராலி வீரர் காலின் மெக்ரேயின் உண்மையான துணை ஓட்டுநர் நிக்கி கிரிஸ்டே குரல் கொடுத்தார், அந்தக் குரலில் இருந்த அவசரம் விளையாட்டின் பாதி உயிர். ஆனால் எனக்கு இன்னும் வேண்டும். நானே மெதுவாக ஓட்டிப் பார்த்து, நானே குறிப்பு எழுதி, அதையே அவர் படிக்க வேண்டும். நான் தவறாக எழுதினால் அவரும் தவறாகவே படிக்க வேண்டும். குறிப்பில் எண் குறையக் குறைய வளைவு கூர்மை. மூன்று என்று எழுத வேண்டிய வளைவை நான்கு என்று எழுதிவிட்டு மறுநாள் அதற்குள் முழு வேகத்தில் நுழையும்போதுதான், குறிப்பு என்பது எவ்வளவு பொறுப்பான வேலை என்று விளையாடுபவருக்குத் தெரியும். நான் ஒருமுறை கசிகிற இடத்தில் அவசரப்பட்டு இரண்டு தட்டு தட்டிவிட்டேன். பதினான்கு பயணிகள் இறங்கி முட்டளவு நீரில் நின்றார்கள். பலகைகளைப் போட்டு வேனை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, அதற்குள் நீர் மேல் படிக்கு வந்துவிட்டது. மாமா என்னைத் திட்டவில்லை. "மருமகனே, உன் கைதான் என் கண்" என்று மட்டும் சொன்னார். அந்தக் கனம் உங்கள் விளையாட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அந்தக் குரல் தமிழிலும் ஒலிக்க வேண்டும். நன்றாக யோசித்துத்தான் கேட்கிறேன். ஆங்கில எண்ணைக் கேட்டு, மனத்துக்குள் அர்த்தம் பிரித்து, பிறகு கையைத் திருப்ப அரை நொடி ஆகிறது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடிக்குள் கார் பதினான்கு மீட்டர் போய்விடும். தமிழில் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் வண்டிகளில் 'ரைட்' என்றால் 'புறப்படு' என்று பொருள். பஸ்ஸிலும் வேனிலும் லாரியிலும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆகவே வலப்பக்க வளைவுக்கு அந்தச் சொல் ஆகாது. 'வலது பக்கம்' என்பதும் நீளம். 'வலம் நான்கு, மேடு தாண்டி இடம் மூன்று, இறுகும், வெட்டாதே' என்பதுபோல் இருக்கட்டும். 'இறுகும்' என்றால் வளைவு போகப் போகக் கூர்மையாகும் என்று பொருள். வலம், இடம் இரண்டும் ஓசையில் முதலெழுத்திலேயே பிரிந்துவிடும், இரைச்சலிலும் குழப்பம் வராது. நான் வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன், ஒரு மூச்சில் மூன்று வளைவு அடங்குகிறது.

சேதம், பழுதுபார்ப்பு, நேரக் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உண்மை ராலியில் நேரம் பதியும் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் பத்து விநாடி தண்டம், ஒரு நிமிடம் முன்னால் வந்துவிட்டால் ஒரு நிமிடமே தண்டம். பழுதுபார்க்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. இவற்றை அப்படியே வையுங்கள். காலத்தைப் பின்னால் சுழற்றி விபத்தை அழிக்கும் வசதி பழகுகிறவர்களுக்கு இருக்கட்டும், போட்டியில் வேண்டாம்.

அதோடு ஒரு முக்கியமான விண்ணப்பம். உண்மைத்தன்மை வேண்டும் என்று கேட்டால் உடனே விலை உயர்ந்த ஸ்டியரிங் கருவி வைத்திருப்பவர்களுக்கான விளையாட்டு என்று முடிவுசெய்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் பிள்ளைகள் பழைய கணினியிலும் சாதாரண கைக்கருவியிலும்தான் விளையாடுகிறார்கள். அவர்களுக்காகத் தரையின் கணக்கை எளிமையாக்க வேண்டாம். தரை உண்மையாகவே இருக்கட்டும், கையிலிருக்கும் கருவிக்கு ஏற்ப அதைக் கட்டுப்படுத்தும் வழியை மட்டும் மென்மையாக்குங்கள். பட அமைப்பைக் குறைத்தாலும் இயற்பியல் குறையாத வகையில் செய்யுங்கள்.

இனி எங்கள் கடற்கரை. பின்லாந்துக் காடும், மாண்டே கார்லோவின் பனி மலையும், ஸ்வீடன் உறைபனியும் எனக்கு மனப்பாடம். எங்கள் மண்ணை நான் எந்த ராலி விளையாட்டிலும் ஓட்டியதில்லை. இந்தப் பந்தயத்தில் நம் வம்சாவளிக்குப் பங்கு இல்லாமலும் இல்லை. கென்யாவின் சஃபாரி ராலியை ஐந்து முறை வென்ற ஷேகர் மேத்தா இந்திய வம்சாவளியினர். 1980-இல் நடந்த முதல் இமாலய ராலியை வென்றவரும் அவரே. 2019-இல் ராலி ஓட்டுநர் கௌரவ் கில் அர்ஜுனா விருது பெற்றார், மோட்டார் பந்தயத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. கோயம்புத்தூரில் தேசிய ராலி நடக்கிறது. ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஓட மண்ணும் இருக்கிறது. அந்த மண் இன்னும் திரைக்கு வரவில்லை.

என்ன மண் என்று கேட்பீர்கள். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிசல். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கல்போல் நிற்கும். ஐப்பசி மழையில் நனைந்தால் டயரின் பள்ளங்களையெல்லாம் அடைத்துவிடும், டயர் வழவழப்பான உருளையாகிவிடும், பிறகு ஸ்டியரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். கண்மாய்க்கரைப் பாதை ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், இரண்டு ஓரமும் சீமைக் கருவேலம். அந்த முள் டயரைத் துளைத்துவிடும், ஆகவே ஓரத்தை உரசி நேரம் மிச்சப்படுத்த நினைப்பவருக்கு அங்கேயே தண்டனை. வாலிநோக்கம் பக்கம் உப்பளம். பாத்திகளுக்கு நடுவே வரப்புபோல் ஓடும் பாதை, இருபுறமும் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை. கடலோரம் பனைமரக் கூட்டம், அதன் நடுவே மாட்டுவண்டித் தடம். அந்தத் தடத்தின் இரு பள்ளங்களும் காரின் சக்கர அகலத்துக்குப் பொருந்தாது, ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒன்று மேட்டிலுமாகத்தான் ஓட்ட வேண்டும்.

தார்ச்சாலையையும் எளிது என்று நினைக்க வேண்டாம். ஆடி மாதம் கச்சான் காற்று வீசும்போது கோதண்டராமர் கோயிலைத் தாண்டியதும் மணல் தாரின்மேல் பாம்புபோல் நெளிந்து ஓடும். சில இடங்களில் தூவியதுபோல் மெல்லிய படலம், சில இடங்களில் கணுக்கால் அளவு குவியல். படலம்தான் ஆபத்து. கண்ணுக்குச் சாலை கறுப்பாகவே தெரியும், கையில் மட்டும் ஸ்டியரிங் திடீரென்று காகிதம்போல் லேசாகிவிடும். டயரின் ஓசையும் அந்த இடத்தில் மாறும். தாரில் 'கிர்' என்று கேட்டுக்கொண்டிருந்தது 'உஸ்' என்று அடங்கும். ஒலி அமைப்பாளர்களே, இந்த 'உஸ்' உங்கள் விளையாட்டில் இருந்தால், நான் திரையைப் பார்க்காமலேயே காலை எடுத்துவிடுவேன்.

இந்தக் கடற்கரையில் உண்மையான பந்தயம் நடத்த வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். கூடாது. தனுஷ்கோடி மணலில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. பூநாரைகள் வந்து இறங்கும் நீர்ப்பரப்பை 2025-இல் தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. சாலை வந்த பிறகு வேன்கள் மணலில் இறங்காமல் போனதில் எனக்கு வருத்தமில்லை, அது நல்லதே. ஆனால் அந்த மணலில் ஓட்டிய அறிவு, எந்த நிறத்துக்கு எந்த கியர், எந்தக் காற்றுக்கு எந்தத் தடம் என்கிற அறிவு, எங்கள் தலைமுறையோடு போய்விடும். ஒரு பறவையைக்கூடக் கலைக்காமல், ஒரு முட்டையைக்கூட மிதிக்காமல் அதை மறுபடி ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரே இடம் உங்கள் விளையாட்டுதான். என் அக்கா மகனுக்கு அந்த மணலை வேறெங்கும் என்னால் காட்ட முடியாது.

உங்களில் யாராவது அளவெடுக்க வருவதாக இருந்தால் இரண்டு முறை வர வேண்டும். ஆடியில் ஒரு முறை, கச்சான் வீசும்போது. ஐப்பசி கடைசியில் ஒரு முறை, கரிசல் நனைந்த பிறகு. லேசர் கருவி மேடுபள்ளத்தை அளக்கும், அடியில் இருக்கும் நீரை அளக்காது. மாமாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. வேன் ஓட்டுவதை விட்டுவிட்டார், நடை நன்றாக இருக்கிறது. அவரைக் கேட்டுவிட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். சாலையோரத்திலிருந்து நாலடி இறங்கினாலே போதும், குதிகாலால் அழுத்திக் காட்டுவார். நீங்கள் ஒலிவாங்கியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மணல் வெளுக்கும்போது மெல்லிய சத்தம் ஒன்று வரும்.

அன்புடன்,
ஒரு வேன் ஓட்டுநர்,
ராமேஸ்வரம்.